உயரமான கிளாஸ்ல பால் ஜாஸ்தின்னு சொல்ற குழந்தைக்கு சொல்லிக் குடுக்கணுமா, விட்டுடணுமா?

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். உங்க பொண்ணுக்கு அஞ்சரை வயசு, யூகேஜி. ரெண்டு ஒரே மாதிரி டம்ளர்ல சமமா பால் ஊத்தி "ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு கேட்டா ஆமாங்கிறா, அதுல ஒண்ணை அவ கண்ணு முன்னாடியே ஒல்லியான உயர கிளாஸுக்கு மாத்தினதும் "இதுலதான் ஜாஸ்தி, எனக்கு இதுதான் வேணும்"னு அடம் பிடிக்கிறா. பத்து தடவை விளக்கியாச்சு, மாறல. பி.எட் படிக்கிற உங்க நாத்தனார் "அது ப்ரீ ஆபரேஷனல் ஸ்டேஜ் அண்ணி, ஏழு வயசு வரைக்கும் வராது, விட்டுடுங்க"ன்னு சொல்லிட்டாங்க, ஸ்கூல்ல கேட்டா "நாங்க கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட் முறை, எதையும் சொல்லித் தர்றதில்ல, குழந்தை தானே கண்டுபிடிக்கும்"னுட்டாங்க. கடைசியில நீங்க கேட்டிருக்கிறது "இது எந்த ஸ்டேஜ், எப்ப முடியும்"னு. ஆனா அதுக்கு முன்னாடி எழுதியிருக்கிற பத்து வரியைப் படிச்சா உங்க மனசுல இருக்கிறது வேற ரெண்டு கேள்வின்னு தெரியுது. என் பொண்ணுக்கு ஏதாவது குறையா? நான் இப்ப சொல்லிக் குடுக்கணுமா, இல்ல கையைக் கட்டிக்கிட்டு காத்திருக்கணுமா?

நான் பதினாலு வருஷம் அரசு தொடக்கப்பள்ளியில ஒண்ணாவது ரெண்டாவது எடுத்தேன், அதுக்கப்புறம் ஆசிரியர் பயிற்சியில ஒம்பது வருஷமா இந்தப் பாடத்தைத்தான் நடத்துறேன். டாக்டர் இல்ல, மனநல நிபுணரும் இல்ல. அதனால முதல் கேள்விக்கு நான் சொல்ல முடிஞ்ச அளவு இதுதான்: பால் விஷயத்துல மட்டும்னா குறை எதுவுமே இல்ல, அஞ்சரை வயசுல பெரும்பாலான பிள்ளைங்க இதே பதிலைத்தான் சொல்லும், நான் கேட்டுப் பார்த்த நூத்துக்கணக்கான பிள்ளைங்க சொல்லியிருக்கு. ஆனா ஒரு குழந்தையை நேர்ல பாக்காம, பத்து வரி எழுத்தை வச்சு "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு யாரும் முத்திரை குத்தக் கூடாது. பேச்சு, காது கேக்குறது, மத்த பிள்ளைங்களோட சேர்ந்து விளையாடுறது இதுல எதுலயாவது உங்களுக்கு உறுத்தல் இருந்தா குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்தப் பால் பதில் அதுக்கு ஒரு அறிகுறி கிடையாது, அவ்வளவுதான்.

இப்ப ரெண்டாவதுக்கு வர்றேன், அது கொஞ்சம் பெருசு. உங்க நாத்தனார் சொன்ன ஸ்டேஜ் கணக்கு, அதாவது பிள்ளைங்க யோசிக்கிற விதம் வயசுப்படி கட்டம் கட்டமா மாறுதுங்கிறது, ழான் பியாஜேங்கிறவரோடது. சுவிட்சர்லாந்துல நூஷாடெல்ங்கிற ஊர்ல 1896ல பிறந்தவர், அடிப்படையில உயிரியல்காரர், நத்தை சிப்பி வகையறாவை ஆராய்ச்சி பண்ணி 1918ல டாக்டர் பட்டம் வாங்கினவர். அதுக்கப்புறம் பாரிஸுக்குப் போய் ஒரு வேலை கிடைக்குது. இங்கிலாந்துல சிரில் பர்ட் தயாரிச்ச அறிவுத்திறன் கேள்விங்களை பிரெஞ்சு பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி சரி பண்ணணும், எத்தனை பேர் சரியா சொல்றாங்கன்னு எண்ணணும். எண்ணுற வேலையைப் பண்ணிட்டுப் போயிருந்தா அவர் பேரே நமக்குத் தெரிஞ்சிருக்காது. இவருக்கு கவனம் தப்பான பதில் மேல போச்சு. ஒரே வயசுப் பிள்ளைங்க ஒரே மாதிரி தப்பு பண்றாங்க, வயசு ஏற ஏற தப்போட ரகமே மாறுது, அப்ப இது கவனக்குறைவு இல்ல, உள்ள ஒரு கணக்கு ஓடுதுன்னு பிடிச்சுக்கிட்டார். 1921ல ஜெனீவாவுல ரூசோ இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்து, அங்கேருந்து கிட்டத்தட்ட அறுபது வருஷம், 1980ல சாகுற வரைக்கும், அந்த உள்கணக்கு என்னன்னு பிள்ளைங்ககிட்டயே கேட்டுக் கேட்டு எழுதினார். தன்னோட மூணு பிள்ளைங்களையும் பிறந்த நாள்லேருந்து உக்காந்து பார்த்து குறிப்பெடுத்தார்.

உங்க வீட்டுலயே அந்த உள்கணக்கு ஓடுறதை நீங்க பார்த்திருப்பீங்க, பால் மட்டும் இல்ல. ராத்திரி பஸ்ல வரும்போது "அம்மா நிலா நம்ம கூடவே வருது"ன்னு சொல்லியிருப்பா. பியாஜேயும் ஜெனீவா பிள்ளைங்ககிட்ட இதையேதான் கேட்டு எழுதியிருக்கார். ஓடி விழுந்தா பாட்டி தரையை ரெண்டு தட்டு தட்டி "அடிச்சுட்டேன் பாரு"ன்னு சொன்னதும் அழுகை நின்னிருக்கும், தரைக்கும் வலிக்கும்னு அவளுக்கு நிஜமாவே ஒரு எண்ணம் இருக்கு. உயரமா இருக்கிற சித்தப்பாவுக்குத்தான் அப்பாவை விட வயசு ஜாஸ்திம்பா. இதெல்லாம் தனித்தனி உளறல் இல்லைங்க. கண்ணுக்கு எது பளிச்சுன்னு தெரியுதோ அதை வச்சு உலகத்தைக் கட்டுற மனசு அது.

பாலுக்கு வருவோம். உயரம் கூடியிருக்கிறது அவ கண்ணுல அடிக்குது, அகலம் குறைஞ்சது அடிக்கல. ரெண்டையும் ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு ஒண்ணுக்கு ஒண்ணு ஈடுன்னு பாக்குறது இன்னும் கைவரல. அதோட, ஊத்தினதை மனசுக்குள்ளயே திருப்பி ஊத்திப் பாக்கவும் இன்னும் வரல. நீங்க நிஜமா திருப்பி ஊத்திக் காட்டினா "ஆமா இப்ப சமம்"பா, மறுபடி கிளாஸுக்கு மாத்தினா மறுபடி ஜாஸ்திம்பா, அவளுக்கு இதுல முரண்பாடே தெரியாது. காசை வச்சும் பண்ணிப் பாருங்க. ஆறு ஒத்த ரூபா ஒரு வரிசை, எதிர்ல ஆறு ஒத்த ரூபா, நேருக்கு நேர். சமம்பா. ஒரு வரிசையை மட்டும் தள்ளித் தள்ளி வச்சு நீளமாக்குங்க. பல பிள்ளைங்க "இதுல ஆறு, அதுல ஆறு"ன்னு சரியா எண்ணிட்டு, அதுக்கப்புறமும் "ஆனா இதுலதான் ஜாஸ்தி"ன்னு நீளமான வரிசையைக் காட்டும். எண்ணத் தெரியும், ஆனா எண்ணிக்கைங்கிறது இடம் மாத்தினா மாறாத விஷயம்னு இன்னும் தெரியாது. பள்ளிக்கூடத்துல நூறு வரைக்கும் ஒப்பிக்குது அப்புறம் ஏன் கணக்கு வரலன்னு கேக்குற அப்பா அம்மாங்ககிட்ட நான் இதைத்தான் செஞ்சு காட்டுவேன்.

இங்க ஒரு சொந்த அனுபவம் சொல்லணும். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஒண்ணாவதுல ஒரு பையன், இருபத்தி மூணு எழுதுடான்னா 203னு எழுதுவான். முப்பத்தஞ்சுன்னா 305. நான் சிவப்பு மையில அடிச்சு அடிச்சு திருத்தினேன், இம்போசிஷன் குடுத்தேன், ஒரு நாள் திட்டியும் இருக்கேன். மறுநாளும் 203. பயிற்சிக்கு வந்த ஒரு மூத்த ஆசிரியை அவன் நோட்டைப் பார்த்துட்டு "இவன் ரொம்ப ஒழுங்கா யோசிக்கிறானே, நீங்க கேட்டீங்களா அவனை"ன்னாங்க. கேட்டேன். "இருபது எழுதினேன் சார், அப்புறம் மூணு எழுதினேன்"னான். வாய்ல என்ன சொல்றமோ அதையே அப்படியே எழுதியிருக்கான். அவன் தப்புல ஒரு விதி இருந்துச்சு, அந்த விதியை அவனே கண்டுபிடிச்சிருந்தான், எவனும் சொல்லிக் குடுக்கல. நான் அடிச்சது அந்த விதியை இல்ல, விடையை மட்டும், அதான் மாறல. அதுக்கப்புறம் பத்துப் பத்து குச்சியா ரப்பர் பேண்டு போட்டு கட்டு கட்டி, ரெண்டு கட்டு மூணு உதிரின்னு வச்சு, "நீ எழுதினது இருபது கட்டா வருதே, கொண்டா பாக்கலாம் அத்தனை கட்டு"ன்னு கேட்டேன். மூணு நாள் ஆச்சு, நாலாவது நாள் அவனே பழசை அழிச்சுட்டு 23னு போட்டான். கன்ஸ்ட்ரக்டிவிசம்னா என்னன்னு யாராவது கேட்டா எனக்கு இன்னிக்கும் அந்த நோட்டுதான் ஞாபகம் வரும். குழந்தை காலிப் பாத்திரம் இல்ல, ஏற்கனவே உள்ள ஒரு யோசனை இருக்கு, புதுசா வர்றதை முதல்ல அந்த யோசனைக்குள்ளயே அமுக்கிப் பாக்கும், அமுங்காதப்பதான் யோசனையையே மாத்தும். உங்க நாத்தனார் புஸ்தகத்துல அசிமிலேஷன், அக்காமடேஷன்னு மனப்பாடம் பண்ணியிருப்பாங்க, விஷயம் இவ்வளவுதான்.

இது வரைக்கும் நான் சொன்னது உறுதியான பகுதி. பிள்ளைங்களோட தப்புல ஒழுங்கு இருக்குங்கிறதும், அதே பதில்கள் நாடு நாடா திரும்பத் திரும்ப வருதுங்கிறதும், வெறும் வாய் விளக்கத்தால அது லேசுல மாறாதுங்கிறதும் எத்தனையோ பேர் செஞ்சு பார்த்து நின்ன விஷயம். இதுக்கு மேல "ரெண்டு வரைக்கும் ஒண்ணு, ஏழு வரைக்கும் ஒண்ணு, பதினொண்ணு வரைக்கும் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு"ன்னு நாலு கட்டமா வெட்டி, ஏழாவது பிறந்தநாள் கேக் வெட்டினதும் கதவு திறக்கும்ங்கிற மாதிரி சொல்றாங்க பாருங்க, சந்தேகம் அங்கதான் ஆரம்பிக்குது.

பியாஜே காலத்துலயே அவருக்கு தெரிஞ்ச ஒரு சிக்கல்: களிமண் உருண்டையைத் தட்டையாக்கினா களிமண் அளவு மாறாதுன்னு ஏழெட்டு வயசுல சொல்ற பிள்ளை, எடை மாறாதுன்னு சொல்ல ஒம்பது பத்து ஆகுது, அது தண்ணிக்குள்ள அடைக்கிற இடம் மாறாதுன்னு சொல்ல பதினொண்ணு பன்னெண்டு ஆகுது. ஒரே யோசனைதானே, ஒரே கட்டத்துல இருக்கிற பிள்ளைக்கு ஏன் ஒண்ணொண்ணா வரணும்? அப்ப மனசு மொத்தமா ஒரு மாடிலேருந்து அடுத்த மாடிக்கு ஏறல, விஷயத்துக்கு விஷயம் தனித்தனியா படி ஏறுது.

அடுத்தது, கேக்குற விதம். 1974ல மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன்னு ரெண்டு பேர் ஸ்காட்லாந்துல அதே காசு மாதிரி சோதனையை நாலுலேருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள எண்பது பிள்ளைங்ககிட்ட பண்ணினாங்க, ஆனா வரிசையைக் கலைச்சது பெரியவங்க இல்ல, பெட்டிக்குள்ளேருந்து தப்பிச்சு வந்த ஒரு குறும்புக்கார கரடி பொம்மை. பெரியவங்க கலைச்சப்ப நூத்துக்கு பதினாறு பேர்தான் "சமம்"னு சொன்னாங்க, கரடி கலைச்சப்ப அறுபதுக்கு மேல. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. டீச்சர் ஒரு தடவை "சமமா"ன்னு கேக்குறாங்க, ஆமான்னு சொல்றோம், அவங்க வேணும்னே எதையோ மாத்திட்டு மறுபடியும் அதே கேள்வி கேக்குறாங்க, அப்ப நம்ம முதல் பதில் தப்பு போலன்னுதானே பிள்ளை நினைக்கும்? நம்ம ஊர் வகுப்பறையில இது இன்னும் ஜாஸ்தி. ஒரே கேள்வியை டீச்சர் ரெண்டாவது தடவை கேட்டாலே பதிலை மாத்தணும்னு நாமளே பழக்கி வச்சிருக்கோம்.

தமிழ்ல இன்னொண்ணும் இருக்குன்னு நான் நினைக்கிறேன், இது என் சொந்த கணிப்பு, யாரும் ஆராய்ச்சி பண்ணி சொன்னதா எடுத்துக்காதீங்க. நாம "எதுல நிறைய இருக்கு"ன்னு கேக்குறோம். குழந்தைக்கு நிறையங்கிறது நிறைஞ்சிருக்கிறது, விளிம்பு வரைக்கும் தளும்புறது. ஒல்லி கிளாஸ்ல பால் மேல வரைக்கும் வந்திருக்கு, அப்ப அவ சொல்ற பதில் நம்ம கேள்விக்கு தப்பு, அவளுக்குக் கேட்ட கேள்விக்கு சரி. அதனால நான் "ரெண்டு பேர் குடிச்சா யாருக்கு ஜாஸ்தி கிடைக்கும், இல்ல ஒரே அளவா"ன்னு கேக்க ஆரம்பிச்சேன். கேள்வியை மாத்தினதும் எல்லாரும் சரியா சொல்லிடல, ஆனா சில பிள்ளைங்க நின்னு யோசிச்சாங்க.

புழக்கமும் பெரிய விஷயம். மெக்ஸிகோவுல மண்பாண்டம் செய்யுற குடும்பத்துப் பிள்ளைங்க களிமண் சோதனையில அதே வயசு மத்த பிள்ளைங்களை விட நல்லா சொன்னதை 1969ல எழுதியிருக்காங்க, நாள் முழுக்க கையில உருட்டிக்கிட்டு இருக்கிற பிள்ளைக்கு உருவம் மாறினா மண்ணு கூடாதுன்னு கை சொல்லிடுது. செனகல்ல பட்ரீசியா கிரீன்ஃபீல்டு பள்ளிக்கூடம் போகாத பிள்ளைங்ககிட்ட தண்ணி சோதனை பண்ணினப்ப, ஆராய்ச்சிக்காரர் ஊத்தினா "அவங்க ஊத்தினதால கூடிடுச்சு"ன்னு சொன்ன பிள்ளைங்க, தானே ஊத்தினப்ப "ஒண்ணுதான்"னு சொல்றது நல்லாவே கூடிச்சு. பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல தெருவுல தேங்காய் பழம் விக்கிற அஞ்சு பிள்ளைங்களை 1985ல ஒரு குழு பார்த்துச்சு: வியாபாரத்துல வாய்க்கணக்கு நூத்துக்கு 98 சரி, அதே கணக்கை பேப்பர்ல வெறும் எண்ணா குடுத்தா 37தான். வயசு ஒண்ணு, மூளை ஒண்ணு, இடம் மாறினதும் "ஸ்டேஜ்" மாறிடுது. மறுபக்கம், பிறந்து நாலஞ்சு மாசக் குழந்தைங்க கூட மறைச்ச பொருள் அங்கதான் இருக்குன்னு எதிர்பாக்குற மாதிரி தெரியுதுன்னு ரெனே பாயர்ஜான் 1980கள்ல காட்டினாங்க, பியாஜே அதை எட்டு ஒம்பது மாசத்துக்கு மேலன்னு வச்சிருந்தார். அந்தக் குழந்தை முறைச்சுப் பாத்த நேரத்தை வச்சு "புரிஞ்சிருக்கு"ன்னு சொல்லலாமா கூடாதாங்கிறது இன்னும் வாக்குவாதத்துல இருக்கு, நான் ஒரு பக்கமும் சேர மாட்டேன். அதனால உங்க நாத்தனார்கிட்ட சொல்லுங்க, டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, அந்தப் பரீட்சைக்கு அந்த வயசு அட்டவணையை அப்படியே எழுதட்டும், மார்க் வரும், வீட்டுப் பிள்ளைக்கு அதை நாள்காட்டியா மாட்ட வேண்டாம்.

சரி, சொல்லிக் குடுத்தா வருமா? பியாஜேகிட்ட அமெரிக்காவுக்குப் போறப்பல்லாம் இதைக் கேப்பாங்களாம், கட்டத்தை சீக்கிரமா தாண்ட வைக்க முடியுமான்னு, அவர் அதுக்கு "அமெரிக்கக் கேள்வி"ன்னே பேர் வச்சிருந்தார். அவர் பக்கம் பெரும்பாலும் அவசரப்படாதீங்கதான். ஆனா 1969ல ராஷெல் கெல்மன் உங்க பொண்ணு வயசுப் பிள்ளைங்களை எடுத்து, எதைப் பாக்கணும் எதைக் கண்டுக்கக் கூடாதுன்னு காசு வரிசையிலயும் குச்சி நீளத்துலயும் நிறைய தடவை பழக்கி, சரி தப்பு உடனே சொல்லிட்டே வந்தாங்க. அதுல பிள்ளைங்க நல்லாவே முன்னேறினாங்க, அதைவிட முக்கியம், பழக்காத தண்ணி சோதனையிலயும் கணிசமான பேர் சரியா சொன்னாங்க. அப்ப "ஏழு வரைக்கும் வரவே வராது"ங்கிறது நிக்கல. அதே நேரம் எல்லாருக்கும் எப்ப வேணும்னாலும் வருங்கிறதும் இல்ல.

இங்கதான் வைகாட்ஸ்கிங்கிற உளவியல்காரர் உதவுறார். பியாஜே பிறந்த அதே 1896ல ரஷ்யப் பேரரசுல பிறந்து, காசநோய்ல 1934லயே, 37 வயசுல போயிட்டார். அவர் சொன்னது: ஒரு குழந்தை தனியா என்ன செய்யுதுன்னு மட்டும் பாக்காதே, தெரிஞ்ச ஒருத்தர் கொஞ்சம் கைகொடுத்தா என்ன செய்யுதுன்னு பாரு, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடத்துலதான் சொல்லிக் குடுக்கணும். நாம சைக்கிள் பழக்குறப்ப பின்சீட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடுவோமே, எப்ப விடணும்னு நம்ம கைக்கே தெரியும், அதேதான். ரொம்ப சீக்கிரம் விட்டா விழும், விடவே இல்லன்னா பழகாது. பின்னாடி 1976ல இதை மாதிரியே கட்டைங்களை அடுக்க வச்சு, உதவி எப்ப கூட்டணும் எப்ப குறைக்கணும்னு ஜெரோம் புரூனர்ங்கிற உளவியல்காரரோட குழு பார்த்தப்ப, கட்டடம் கட்டுறப்ப போடுற சாரம்னு அதுக்குப் பேர் வச்சாங்க.

உங்க பொண்ணு அந்த நடு இடத்துல இருக்காளான்னு பாக்க ஒரு அழகான வழி இருக்கு, பாடப்புத்தகத்துல பெரும்பாலும் வராது. சூசன் கோல்டின் மெடோவும் சர்ச்சும் 1986ல கண்டுபிடிச்சது. குழந்தை பதில் சொல்றப்ப வாயைக் கேக்காதீங்க, கையைப் பாருங்க. வாய் "இது உயரமா இருக்கு, அதான் ஜாஸ்தி"ன்னு சொல்லும், கை மட்டும் டம்ளரோட அகலத்தை வளைச்சுக் காட்டும். வாய்க்கு வராத விஷயம் கைக்கு வந்துடுச்சு. வாயும் கையும் வேற வேற சொல்ற பிள்ளைங்கதான் சொல்லிக் குடுத்தா சட்டுனு பிடிச்சுக்கிறாங்க. வாயும் கையும் ரெண்டுமே உயரத்தையே சொன்னா இன்னும் கொஞ்சம் விளையாட விடுங்க. நான் இதைப் படிச்சதுக்கப்புறம் என் பழைய வகுப்பை நினைச்சு ரொம்ப வருத்தப்பட்டிருக்கேன், எத்தனை பிள்ளைங்க கையால சரியா சொல்லியிருப்பாங்க, நான் வாயை மட்டும் கேட்டு அடுத்த பிள்ளைகிட்ட போயிருப்பேன்.

இனி உங்க ஸ்கூல் சொன்னது. "எதையும் சொல்லித் தர்றதில்ல, குழந்தையே கண்டுபிடிக்கும்"ங்கிறது கன்ஸ்ட்ரக்டிவிசம் இல்லைங்க. இதை மட்டும் நான் அழுத்திச் சொல்றேன். அறிவுல ரகம் இருக்குன்னு பியாஜேயே பிரிச்சிருக்கார். கல்லு தண்ணியில முங்கும்ங்கிறது பொருளைத் தொட்டுப் பார்த்து வர்றது. ஆறும் ஆறும் சமம்ங்கிறது உறவு, அது மனசுக்குள்ள கட்டுறது. ஆனா இந்த வளைவுக்குப் பேர் "அ"ங்கிறதும், திங்களுக்கு அப்புறம் செவ்வாய்ங்கிறதும் ஊர் சேர்ந்து வச்ச வழக்கம், அதை ஒருத்தர் சொன்னாத்தான் தெரியும், எந்தக் குழந்தையும் உக்காந்து யோசிச்சு கண்டுபிடிக்க முடியாது. 247 எழுத்தையும் அதோட கொம்பு கால் சுழியையும் தானா கண்டுபிடிக்கட்டும்னு விட்டா அந்தக் குழந்தை நாலாவதுல வந்து தவிக்கும், தவிச்ச பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன். மனசுக்குள்ள கட்டுற விஷயத்துல கூட, சும்மா விட்டுட்டு கண்டுபிடின்னா, வழிகாட்டுதலோட செய்யுறதை விட பலன் குறைவுன்னு ரிச்சர்ட் மேயர் 2004ல பழைய ஆராய்ச்சிகளை வச்சு வாதாடினார், 2006ல கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூணு பேரும் இன்னும் கடுமையா எழுதினாங்க. அவங்க சொன்னது எல்லாத்துக்கும் பொருந்துமான்னு சண்டை இன்னும் ஓயல, ஆனா புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு கை பிடிக்க ஆள் வேணும்ங்கிறதுல எனக்கு சந்தேகம் இல்ல.

நம்ம மாநிலத்துலயே இதைப் பெரிய அளவுல செஞ்சு பார்த்தோம். ஆந்திராவுல இருக்கிற ரிஷிவேலி பள்ளியோட அட்டை முறையைப் பார்த்துட்டு வந்து 2003ல சென்னை மாநகராட்சியோட 13 பள்ளியில ஏபிஎல், அதாவது செயல்வழிக் கற்றல், ஆரம்பிச்சாங்க, 2007-08ல மாநிலம் முழுக்க அரசு தொடக்கப்பள்ளிக்கு வந்துச்சு. பாய்ல வட்டமா உக்காந்து, பாடங்களை ஏணிப்படி மாதிரி வரிசையா போட்ட படத்துல தான் எந்த இடம்னு பார்த்து, தன்னோட அட்டையை தானே எடுத்துட்டு வரணும், சுவர்ல பிள்ளை உயரத்துல கரும்பலகை. நான் உள்ளேருந்தே பார்த்தவன். பயந்து பயந்து உக்காந்திருந்த பிள்ளைங்க எழுந்து நடமாடி பேச ஆரம்பிச்சாங்க, அந்த ஒரு மாற்றத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன். டீச்சர் பக்கத்துல உக்காந்து "ஏன் இப்படி போட்ட"ன்னு கேட்ட வகுப்புல அட்டை உயிரோட இருந்துச்சு. கேக்க ஆள் இல்லாத வகுப்புல பிள்ளை அட்டை மேல அட்டையா முடிச்சுட்டே போச்சு, உள்ள 203 அப்படியே இருந்துச்சு. அதனால ஸ்கூல்ல போய் "கன்ஸ்ட்ரக்டிவிஸ்டா"ன்னு கேக்காதீங்க. "என் பொண்ணு தப்பா ஒண்ணு சொன்னா அடுத்து நீங்க என்ன பண்ணுவீங்க, ஒரு உதாரணம் சொல்லுங்க"ன்னு கேளுங்க. போன வாரம் ஒரு பிள்ளை இப்படி சொல்லுச்சு, நாங்க இதைக் கேட்டோம், இதைக் கையில குடுத்தோம்னு அந்த டீச்சரால சொல்ல முடிஞ்சா அங்கேயே படிக்கட்டும்.

வீட்டுல என்ன பண்றதுன்னு கேட்டா, முதல்ல பத்து நாளைக்கு அந்த விளக்கத்தை நிறுத்துங்க. பதினோராவது தடவை கேட்டா அவளுக்கு அது பால் கேள்வியா இருக்காது, அம்மாவுக்கு பிடிச்ச பதில் எதுங்கிற கேள்வியா இருக்கும், "சமம்"னு சொல்லக் கத்துப்பா, நம்ப மாட்டா. அதுக்குப் பதிலா ஊத்துற வேலையை அவகிட்ட குடுங்க. டம்ளர், டவரா, சொம்பு, ஒல்லி கிளாஸ், கிண்ணம் எல்லாத்தையும் பின்கட்டுல தண்ணி வாளியோட வச்சு விடுங்க, குளிக்கிறப்பவும் குடுங்க. வீட்டுல பழைய உழக்கு ஆழாக்கு இருந்தா அரிசி அளக்குறதை அவ வேலையா ஆக்குங்க, ரெண்டு ஆழாக்கு போட்டா ஒரு உழக்கு நிறையுதுன்னு அவளே பார்க்கட்டும், அந்த ஒரு உழக்கை தட்டுல கொட்டினா எவ்வளவு பரவும், குறுகின டப்பாவுல போட்டா எது வரைக்கும் வரும்னு கொட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க, கொட்டினப்புறம் இல்ல. ஒல்லி கிளாஸை எடுத்து, "இதுல ஊத்தினா எது வரைக்கும் வரும், விரல் வச்சுக் காட்டு"ன்னு சொல்லிட்டு ஊத்த விடுங்க. விரலும் பாலும் ஒத்துப்போகாதப்ப அவ முகத்துல ஒரு கணம் வரும் பாருங்க, அப்ப நீங்க வாயைத் திறக்காதீங்க. பல்லாங்குழி ஆடத் தெரிஞ்ச பாட்டி இருந்தா இன்னும் நல்லது, ஒரே அஞ்சு சோழியை ஒரு குழியில குவிச்சும் அஞ்சு குழியில பரப்பியும் நூறு தடவை பார்த்துடுவா.

அவ எதைச் சொன்னாலும் "எப்படிக் கண்டுபிடிச்ச"ன்னு கேளுங்க, சரியா சொன்னப்பவும் கேளுங்க, தப்பா சொன்னா மட்டும் கேட்டா அந்தக் கேள்வியே திட்டு மாதிரி ஆயிடும். ஒரு நாள் சமம்னும் மறுநாள் ஜாஸ்தின்னும் மாத்தி மாத்தி சொல்ல ஆரம்பிச்சா பின்னாடி போறான்னு பயப்படாதீங்க, பழைய யோசனை ஆட்டம் காண்றது அப்படித்தான் இருக்கும். அதுக்கப்புறம் ஒரு நாள் மூணு காரணத்துல ஏதோ ஒண்ணை அவளே சொல்லுவா: "நீங்க எதுவும் சேக்கலையே", இல்ல "திருப்பி ஊத்தினா அதேதானே", இல்ல "இது உயரம், ஆனா ஒல்லிதானே". ஜெனீவாவுல பிள்ளைங்க சொன்ன காரணமும் இந்த மூணுதான். அது ஆறு வயசுலயும் வரலாம், ஏழரையிலயும் வரலாம், ரெண்டும் சரியே. அது வரைக்கும் ஒல்லி கிளாஸ்லதான் பால் வேணும்னு கேட்டா அதுலயே குடுங்க, அதே பால்தானே.